குகையும் கொடையாளியும்

துறவி அமைதியை நாடித் தனியே காடு புகுந்தான் என்று எழுதிவிடுதல் எளிது. அவ்வமைதியை அவனுக்கு ஆக்கிக் கொடுத்தோர் யாவர் என்பது பெரும்பாலும் வினவப்படுவதில்லை. ஈழத்தின் கற்குகைகள் இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருகின்றன.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவிலிருந்து மிகிந்தலை, வெஸ்ஸகிரி முதலாய இடங்களிலே பௌத்த பிக்குகள் இயற்கைக் குகைகளில் வாழ்ந்தனர். பாறையில் வழியும் மழைநீர் உட்புகாவண்ணம் குகையின் நெற்றியில் ஒரு விளிம்பு செதுக்கப்பட்டது. அதன் கீழே பிராமி எழுத்திற் கொடையாளியின் பெயர் பொறிக்கப்பட்டது. பேராசிரியர் பரணவிதான 1970இல் வெளியிட்ட தொகுதியில் இக்காலப் பிராமிச் சாசனங்கள் ஆயிரத்துக்கு மேலுள. குகையில் இருந்தவன் எதை எண்ணினான், எதைக் கண்டடைந்தான் என்பதுபற்றி அவை ஒரு சொல்லும் கூறா. வந்தோரும் இனி வருவோருமாகிய நாற்றிசைச் சங்கத்துக்கு இக்குகை உரியது என்பதே பல சாசனங்களின் வாசகம். எனவே, தனித்திருந்தவனுக்கும் அத்தனிமை சொந்தமன்று. அடுத்து வருபவனுக்கு அவன் இடம்விட வேண்டியவன்.

கொடையாளிகளுள் தலைவர், ஊர்ப்பெரியோர், பெண்கள் எனப் பலர் இருந்தனர். வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்திலே, 'தமேட' வணிகனும் குடித்தலைவனுமாகிய விசாகன் என்பானின் குகை சாசனத்தாற் குறிக்கப்படுகின்றது. 'தமேட' என்பது தமிழரைக் குறிக்கும் பிராகிருதச் சொல். சந்தையிலும் நெடுவழியிலும் வாழ்நாளைக் கழிக்கும் தொழிலினன், பிறனொருவன் அசையாதிருப்பதற்கு இடம் அளித்தான்! ஈழத்துப் பௌத்த வரலாற்றைத் தமிழர்க்குப் புறம்பானதாகக் கருதுவோரும், தமிழரை அவ்வரலாற்றுக்குப் புறம்பானவராகக் கருதுவோரும் இவ்வொரு வரியை ஊன்றி நோக்குதல் தகும்.

மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளத்திலும் இவ்வழக்கம் உண்டு. அங்குள்ளவை சமணர்க்குரியவை. பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளனும், வெள்ளறை நிகமத்தாராகிய வணிகரும் அங்குக் கொடையாளிகள். ஆயின், கணிநந்தன் என்னும் துறவியின் பெயர் அங்கே வெளிப்படையாகச் சுட்டப்படுகின்றது. ஈழத்திற் சங்கம் பெற்ற இடத்தை மாங்குளத்தில் ஒரு தனிமனிதன் பெறுகின்றான்.

காலப்போக்கிற் கொடை பெருகியது. ஒன்பதாம் நூற்றாண்டிலே முதலாம் சேனன் அரிட்ட மலையில், அதாவது ரிதிகலையில், பாம்சுகூலிகத் துறவிகளுக்கு விகாரை அமைத்தான். எறியப்பட்ட கந்தலையே உடுப்பதென நோன்பு பூண்டோர் அவர்கள். ரிதிகலையின் இடிபாடுகளிலே தூபியோ படிமமனையோ காணப்படவில்லை. காட்டினூடே செல்லும் கற்பாதையும் இரட்டை மேடைகளும் உள்ளன. கந்தல் உடுத்த இவர்களுக்கு அரசன் பெருவருவாயையும் பணியாளரையும் அடிமைகளையும் வழங்கினான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. அரசனின் பெயரை அந்நூல் போற்றுகின்றது. அவ்வடிமைகளுள் ஒருவரின் பெயரேனும் அங்கில்லை.