மாலிக், மாலெயிக், மலோனிக் அமிலங்கள்

மாலிக், மாலெயிக், மலோனிக் ஆகியவை பெயரால் நெருங்கியும் குணத்தால் விலகியும் நிற்கும் மூன்று கரிம அமிலங்கள். மூன்று பெயருக்கும் வேர், ஆப்பிளைக் குறிக்கும் ‘மாலும்’ என்ற இலத்தீன் சொல். 1785-இல் வேதியியலாளர் ஷீலே ஆப்பிள் சாற்றிலிருந்து மாலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் அதைச் சூடேற்றி நீரை நீக்கியபோது மாலெயிக் கிடைத்தது. ஆக்சிஜனேற்றம் செய்தபோது மலோனிக் கிடைத்தது. ஆக, இப்பெயர்கள் பிறப்பைச் சொல்லும், குணத்தைச் சொல்லா. கனிம அமிலங்களில் இந்தத் தொல்லை குறைவு. சல்பியூரிக்கைவிட சல்பியூரஸில் ஓர் ஆக்சிஜன் குறைவு என்பதைச் சொல்லின் கடைசி அசையே காட்டிக்கொடுத்துவிடும்.

தருமபுரி மாவட்டத்துச் சமையலறைக்கு மாலிக் புதிதல்ல. பாலக்கோட்டுத் தக்காளியிலும் இப்பகுதி மாங்காயிலும் சிட்ரிக் அமிலத்துக்கு அடுத்தபடியாக இருப்பது அதுதான். புளியின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் டார்டாரிக் அமிலம். மாலிக் மூலக்கூறில் 4 கார்பன், 6 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன். டார்டாரிக்கில் ஆக்சிஜன் மட்டும் ஒன்று கூடுதல். பெயரில் ஒட்டும் உறவும் இல்லாத இந்த இரண்டும்தான் அமைப்பில் நெருங்கிய உறவினர்!

மாலெயிக் அப்படிச் சமையலறைக்குரியதல்ல. கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு கொண்ட அது, ரெசின் தயாரிக்கும் ஆலைகளுக்குரிய பொருள். விலங்கு ஆய்வுகளில் அது சிறுநீரகத்தைப் பாதிப்பது தெரியவந்தது. 2013-இல் தைவானில் இதன் நீரிலியைக் கொண்டு மாற்றப்பட்ட மாவுச்சத்து உணவுப் பொருள்களில் கலந்திருப்பது தெரிந்ததும், அவை கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. உணவுப் பொட்டலத்தில் மாலிக்கின் உணவுச் சேர்க்கை எண் 296. மாலெயிக்குக்கு அப்படியோர் எண்ணே கிடையாது. பொட்டலத்தைத் திருப்பி எண்ணைப் பார்ப்பதே வாங்குபவருக்கு எளிய வழி.

ஆய்வகத்தில் இவற்றைப் பிரித்தறிய உருகுநிலையை மட்டும் நம்புவது ஆபத்து. செயற்கையாகத் தயாரித்த மாலிக், மாலெயிக் இரண்டும் 130 டிகிரி செல்சியசை ஒட்டியே உருகும். பாட்டிலில் அச்சிட்ட மூலக்கூறு எடை ஏமாற்றாது: மாலிக் 134, மாலெயிக் 116, மலோனிக் 104. பழத்திலிருந்து எடுத்த மாலிக் என்றால், அதன் கரைசல் முனைவுற்ற ஒளியைத் திருப்பும். மற்ற இரண்டும் திருப்பா. மலோனிக்கை உருகுநிலைக்கு மேல் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, அசிட்டிக் அமிலத்தின் வினிகர் நெடி எழும்.