உளியும் மரத்தின் ஓட்டமும்

மனிதனோ விலங்கோ என்று தெரியாமல், துளையும் வளைவுமாய் நிற்கும் மரச்சிற்பமொன்றைக் காணும்போது, "இது என்ன?" என்றே நாம் முதலிற் கேட்கின்றோம். அதனைக் கலையென்று கொள்ள மூத்தோர் தயங்குகின்றனர்; இளையோருள்ளும் சிலர் விளங்காமலே வியக்கின்றனர். இரு சாராரும் அச்சிற்பம் பிறந்த வரலாற்றை அறிதல் நன்று. அது உருவத்தைக் கைவிட்ட வரலாறு மட்டுமன்று. உளியை மீண்டும் கையில் எடுத்த வரலாறுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலே பெயர்பெற்ற சிற்பி பெரும்பாலும் களிமண்ணில் மாதிரி சமைப்பதோடு நின்றார். அதனை அளந்து சலவைக்கல்லிற் கொத்தியவர்கள் கூலிக்கு அமர்ந்த கைவினைஞர்கள். புகழ் முன்னவர்க்கு, கற்புழுதி பின்னவர்க்கு என்பதே வழக்கமாயிற்று. ருமேனியச் சிற்றூரொன்றில் 1876இல் பிறந்த பிராங்கூசி, 1907இல் ரோடினின் பட்டறையிற் சிறிது காலமே இருந்து விலகி, கல்லையும் மரத்தையும் தாமே செதுக்கத் தொடங்கினார். 1918இல் அவர் ஓக் மரத்திற் செதுக்கிய 'முடிவிலாத் தூண்' எவ்வுருவத்தையும் காட்டுவதன்று. ஒரே வடிவம் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறிச் செல்வது.

இங்கிலாந்திலே இந்நெறியை வளர்த்தோர் இருவர். 1898இற் பிறந்த ஹென்றி மூரும் 1903இற் பிறந்த பார்பரா ஹெப்வேர்த்தும் யோக்ஷயர் மாகாணத்தவர். லீட்ஸிலும் பின்னர் இலண்டனிலும் உடன் பயின்றவர்கள். பொருளின் இயல்புக்கு உண்மையாய் இருத்தல் வேண்டும் என்பதே அவர்தம் கொள்கை. மரத்திலே அக்கொள்கையின் பொருள் யாது?

மரத்தின் நார்கள் அடியிலிருந்து நுனி நோக்கி ஓடுவன. அவ்வோட்டத்தோடு சென்றால் உளி இலகுவாய்ச் செல்லும். எதிர்த்துச் சென்றால் மரம் பிய்ந்துவிடும். உருண்ட முகத்திலே ஆண்டு வளையங்கள், தேசப்படத்தில் மலையின் உயரங்காட்டும் கோடுகள்போல வட்டமிடும். எனவே சிற்பி வளைத்த இடத்தில் மரம் தன் வயதைக் காட்டுகின்றது. வெட்டிய மரம் காயுங்கால் வளையத்தின் வழியே மிகுதியாகவும், நடுவிலிருந்து புறம் நோக்கிக் குறைவாகவும் சுருங்கும். அதனாலேயே அடிமரங்களில் புறத்திலிருந்து நடுவை நோக்கி வெடிப்பு விழுகின்றது. உள்ளே குடைந்தால் அவ்விறுக்கம் தளரும். சிற்பி இடும் துளை கண்ணுக்கு வெளியை அளிப்பதோடு மரத்துக்கும் நன்மை செய்கின்றது.

1936இல் மூர் எல்ம் மரத்திற் செதுக்கிய படுத்த உருவத்திலே, உடலின் நீளத்தோடு மரத்தின் ஓட்டமும் ஓடுகின்றது. அந்த எல்ம் மரங்களோ 1970களிற் பரவிய நோயினால் இங்கிலாந்திற் கோடிக்கணக்கில் அழிந்தன.

ஹெப்வேர்த்தின் வரலாறு நெஞ்சை உருக்குவது. விமானப்படையில் இருந்த அவருடைய மூத்த மகன் 1953இல் தாய்லாந்திலே விமான விபத்தில் இறந்தான். மறு ஆண்டு அவர் கிரேக்க நாட்டுக்கு யாத்திரை சென்றார். அக்காலத்தில் நைஜீரியாவிலிருந்து குவாரியா என்னும் மரம் 17 தொன் அவருக்கு வந்து சேர்ந்தது. சென்ற் ஐவ்ஸ் என்னும் கடலோர ஊரின் ஒடுங்கிய தெருக்களில் அவ்வடிமரங்களைக் கொண்டு செல்வதே பெரும்பாடாயிற்று. அவற்றிலொன்றை 1954-55இற் குடைந்து, புறத்தை மெருகிட்டு, அகத்துக்கு வெண்மை தீட்டி, 'கொரிந்தொஸ்' எனப் பெயரிட்டார். இன்று அது ரேற் கலைக்கூடத்துக்கு உரியது. அதிலே தாயுமில்லை, மகனுமில்லை. ஆயினும் கனத்த மரத்தின் நடுவே ஒளி புகுந்த ஒரு வெற்றிடம் உண்டு. துயரத்தைச் செதுக்கினார் என்று நாம் சாதிக்கவில்லை. துயருற்ற கை தொழிலைக் கைவிடவில்லை என்பதே நமக்குப் போதும்.

இன்னோர் உண்மையையும் மறைத்தலாகாது. ஹெப்வேர்த்துக்கும் அக்காலத்தில் உதவியாளர் இருந்தனர். அம்மரம் வந்த நைஜீரியா அப்போது பிரித்தானியர் ஆட்சியில் இருந்தது. 1960இலேயே அது விடுதலை பெற்றது. அம்மரத்தை வெட்டி இழுத்தோரின் பெயரைச் சிற்பத்தின் அருகே எவரும் எழுதி வைத்திலர். கைத்தொழிலுக்கு மதிப்பளிக்க எழுந்த இயக்கமும் எல்லாக் கைகளையும் எண்ணிவிடவில்லை.

நம்மிடையிலும் ஏடு பிடித்த கை உயர்ந்தது, உளி பிடித்த கை தாழ்ந்தது என்னும் எண்ணம் இன்னும் அழியவில்லை. பல்கலைக்கழகத்திற் பயிலும் நாமே அதற்கு முதற் குற்றவாளிகள். தேரின் அழகைப் போற்றுகின்றோம். தேரைச் செதுக்கிய தச்சரின் பெயரைக் கேட்பதில்லை. மரத்தின் ஓட்டத்தைப் பார்த்தே உளி வைக்கவேண்டும் என்பதைத் தொழிலாளி நூல் படித்து அறிந்தவனல்லன். கை பட்டு அறிந்தவன். அவ்வறிவும் கல்வியே என்று நாம் ஒப்புக்கொள்ளும் நாளிலே, "இது என்ன?" என்ற கேள்வியோடு நில்லாது, "இதனை எப்படிச் செய்தனர்? யார் யார் செய்தனர்?" என்றும் கேட்கத் தொடங்குவோம்.