கோடிங் தெரிய வேண்டாம்... 'பெப்ராஸ்' போட்டியில் மாணவர்கள் கலந்துகொள்வது எப்படி? நொச்சிக்குப்பம் மீன் மார்க்கெட் கணக்கோடு ஒரு விளக்கம்

சென்னை நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில், 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்ட நவீன மீன் அங்காடியில் 366 கடைகள். ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: 1-வது கடையில் ஆரம்பித்து 366-வது கடை வரைக்கும் ஒரே கரண்ட் ஒயர் வரிசையாகப் போகிறது. எங்கேயோ ஓரிடத்தில் ஒயர் அறுந்துவிட்டது. அதற்கு முன்னால் இருக்கும் கடைகளில் லைட் எரியும், பின்னால் இருப்பதில் எரியாது. கடைசிக் கடை இருட்டு என்பது மட்டும் தெரியும். குறைந்தது எத்தனை கடைகளில் சுவிட்ச் போட்டுப் பார்த்தால், அறுந்த இடத்தை உறுதியாகக் கண்டுபிடிக்கலாம்?

விடை: 9 கடைகள் போதும்.

முதலில் நடுவில் இருக்கும் 183-வது கடைக்குப் போக வேண்டும். லைட் எரிந்தால் கோளாறு அதற்கு அந்தப் பக்கம். எரியாவிட்டால் இந்தப் பக்கம். எப்படிப் பார்த்தாலும் பாதி மார்க்கெட் கழிந்துவிட்டது. மிச்சம் இருப்பதில் மறுபடி நடுக்கடை. 366 என்பது 183, 92, 46, 23, 12, 6, 3, 2 என்று சுருங்கி, 9-வது சோதனையில் ஒரே கடையில் வந்து நிற்கும். வரிசையாக ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குகிறவர், நேரம் கெட்டால் 300 கடைக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கைப் போட கம்ப்யூட்டர் வேண்டாம். ஆனால் கம்ப்யூட்டர் லட்சக்கணக்கான பெயர்களுக்குள் ஒரு பெயரைத் தேடுவதும் இதே வழியில்தான். இப்படி யோசிப்பதைத்தான் 'கம்ப்யூடேஷனல் திங்க்கிங்' என்கிறார்கள். தமிழில் 'கணினிச் சிந்தனை' என்று எழுதுகிறார்கள். கம்ப்யூட்டர் இருந்தால்தான் முடியும் என்ற அர்த்தம் அதில் வந்துவிடுவதால், 'கணிமைச் சிந்தனை' என்பது கொஞ்சம் பொருத்தம். இதைப் பரவலாகப் பேச வைத்தது, அமெரிக்கப் பேராசிரியர் ஜெனெட் விங் 2006-ல் எழுதிய ஒரு கட்டுரை. படிக்க, எழுத, கணக்குப் போடத் தெரிவது மாதிரி இதுவும் எல்லோருக்கும் தெரிய வேண்டிய திறமை என்பது அவர் வாதம்.

அது என்ன 'பெப்ராஸ்'?

லிதுவேனியா நாட்டு மொழியில் பெப்ராஸ் என்றால் பீவர். தமிழ் அகராதிகளில் நீரெலி. (நீர்நாய் வேறு, அது ஆட்டர்!) மரத்தைக் கடித்துச் சாய்த்து ஆற்றில் அணை கட்டும் பிராணி. வில்னியஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலன்டினா டகியேனே யோசனையில் 2004-ல் லிதுவேனியாவில் முதல் போட்டி நடந்தது. இன்று 50-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது.

இந்தியாவில் இதை நடத்துவது 'சிஎஸ் பாடசாலா'. கணினி அறிவியலாளர்களின் அமைப்பான ஏசிஎம் இந்தியாவின் கல்வித் திட்டம் இது. 3-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிப்பவர்கள், அவரவர் வகுப்புக்கு ஏற்ற பிரிவில் எழுதலாம். இங்கிலீஷ் மட்டுமில்லை, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் கேள்விகள் தரப்படுகின்றன. கேள்வி எல்லாம் சின்னச் சின்ன கதைகள். ஒரு கேள்விக்குச் சராசரியாக 3 நிமிடம் என்ற கணக்கில் தயாரிக்கிறார்கள். மனப்பாடம் செய்து வைத்த எதுவும் இங்கே உதவாது.

கேள்வி எப்படி இருக்கும்?

இது நிஜப் போட்டியில் வந்த கேள்வி இல்லை, அதே பாணியில் ஒன்று. மீன் வெட்டித் தரும் அக்கா ஒருவர். மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவர் மீனை வெட்ட 20 நிமிடம், இன்னொருவருக்கு 5, மற்றவருக்கு 2 நிமிடம் ஆகும். யாரை முதலில் அனுப்பினால் மூன்று பேரும் காத்திருக்கும் மொத்த நேரம் குறையும்?

20 நிமிடக்காரரை முதலில் எடுத்தால் மூவரும் முறையே 20, 25, 27-வது நிமிடத்தில் கிளம்புவார்கள். கூட்டினால் 72. சின்ன வேலையை முதலில் எடுத்தால் 2, 7, 27. கூட்டினால் 36, சரியாகப் பாதி! அக்கா வேலை செய்த நேரம் இரண்டிலும் அதே 27 நிமிடம்தான். 'நான்தானே முதல்ல வந்தேன்' என்று 20 நிமிடக்காரர் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது? அதுவும் நல்ல கேள்விதான். வேகமா, நியாயமா என்ற இந்தச் சிக்கல் கம்ப்யூட்டருக்குள்ளும் உண்டு. சின்ன வேலைகளே வந்துகொண்டிருந்தால் பெரிய வேலை கடைசி வரை காத்துக் கிடக்கும்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்த யோசனை புதிதல்ல. தெற்கிலிருந்து ஓடும் தெண்டித் தண்ணியா, வடக்கிலிருந்து வரும் வன்னித் தண்ணியா, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, 'இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என முடிவெடுத்துத்தான் வீட்டுப் பெரியவர்கள் படகை இறக்குகிறார்கள். இதற்குப் பேர் வைத்து, மார்க் போட்டு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஸ்டேட் போர்டு மாணவர்களுக்கு இது தெரியுமா?

புத்தகத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டின் புதிய கணக்குப் புத்தகங்களில் வரும் 'தகவல் செயலாக்கம்' என்ற பாடம் இதுதான். 7-ம் வகுப்பில் ஃப்ளோ சார்ட், 8-ம் வகுப்பில் மேப்புக்கு வண்ணம் தீட்டுவது, ரகசியக் குறியீடு எல்லாம் வருகின்றன. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் முன்னாள் பேராசிரியர் ஆர்.ராமானுஜம் போன்றவர்கள், இந்தச் சிந்தனை பள்ளிக்குள் வர வேண்டும் என்று நீண்ட காலமாகப் பேசி வருபவர்கள்.

இன்னொரு பக்கம், 2026-27 கல்வியாண்டிலிருந்து 3-ம் வகுப்பு முதலே ஏஐ-யும் கம்ப்யூடேஷனல் திங்க்கிங்கும் கொண்டுவரப்படும் என மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. இதற்கான சிபிஎஸ்இ நிபுணர் குழுவின் தலைவர் சென்னை ஐஐடி பேராசிரியர் கார்த்திக் ராமன். ஆக, பெரிய ஸ்கூல் பிள்ளைகளுக்கு இது வகுப்பிலேயே கிடைக்கும். அரசு, மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பின்தங்காமல் இருக்க, இந்த மாதிரி போட்டியின் தகவலாவது அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

எப்படிச் சேர்வது?

மாணவர் தனியாக அல்ல, பள்ளி வழியாகத்தான் பதிவு. ஆசிரியர் ஒருவர் ஒருங்கிணைப்பாளராக இருந்து பெயர்களைப் பதிய வேண்டும். எழுதுவது பள்ளியில், ஆன்லைனில். வீட்டில் லேப்டாப் இல்லையே என்று தயங்க வேண்டாம். பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் இருந்தாலே போதும். கணக்கு டீச்சர், கம்ப்யூட்டர் டீச்சர் யாராக இருந்தாலும் சரி, ஒருவர் முன்வந்தால் வேலை முடிந்தது. பழைய கேள்விகளும் இணையத்தில் கிடைக்கின்றன. இதற்கென்று ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கட்டி கோடிங் கிளாஸ் சேர்ப்பது வீண் செலவு.

நன்றாக வருகிறது என்றால் அடுத்து இந்திய கம்ப்யூட்டிங் ஒலிம்பியாட் இருக்கிறது. சிறுசேரி சென்னை கணிதவியல் நிறுவனத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. அங்கே மேலே போகப் போக புரோகிராமிங் கட்டாயம் தேவைப்படும்.

பெப்ராஸ் வழக்கமாக நடப்பது நவம்பரில். சென்னையில் அது மழை லீவு சீசன். ஒரு நாள் பள்ளி மூடினாலும் லேப் நேரம் போய்விடும் என்பதால், காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஆசிரியரிடம் கேட்டுப் பெயர் கொடுத்துவிடுவது நல்லது.