ஆள் ஏறாவிட்டாலும் கிளம்பும் வண்டி

சொந்தமாகக் கார் வாங்குவதா, இருக்கிற பஸ், டெம்போவிலேயே போய்வருவதா என்ற பேச்சு இப்போது நம் புதுச்சேரியில் அனேகமாக எல்லா வீட்டிலும் நடக்கிறது. வண்டி விலை, மாதத் தவணை, பெட்ரோல், இன்சூரன்ஸ், நிறுத்த இடம் என்று ஒரு பக்கம் எழுதி, டிக்கெட் செலவை மறுபக்கம் எழுதிக் கூட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் பஸ்தான் மலிவு என்று வருகிறது. ஆனாலும் கார்தான் வாங்குகிறார்கள். காரணம், அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. வண்டிக்காகத் தெருவில் காத்து நிற்கும் நேரம்தான் அந்த வரி.

அந்த வரியை 360 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கில் சேர்த்தவர் ஒருவர் உண்டு. லிசேயில் படித்த நம்மவர்களுக்கு அவர் பெயர் மறந்திருக்காது. பிளேஸ் பஸ்கால். கணிதத்தில் ஒரு பஸ்கால், பௌதிகத்தில் ஒரு பஸ்கால், இலக்கிய வகுப்பில் 'பான்சே' எழுதிய பஸ்கால் என்று மூன்று பாடத்திலும் அவர் வருவார். ஆனால் உலகின் முதல் டவுன் பஸ்ஸுக்குத் திட்டம் போட்டவரும் அவரே என்பதை எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

1660 வாக்கில் பாரிஸ் நகரத்தில் நாலைந்து லட்சம் பேர் இருந்தார்கள். தெருக்கள் குறுகல், எங்கும் சேறு. பிரபுக்களிடமும் பெரிய பணக்காரர்களிடமும் சொந்தக் குதிரை வண்டி இருந்தது. அதற்குக் குதிரை வேண்டும், லாயம் வேண்டும், தீனி வேண்டும், வண்டிக்காரனுக்குச் சம்பளமும் உடுப்பும் வேண்டும். மற்றவர்கள் நடந்தார்கள். நடுவில் வாடகை வண்டிகள் இருந்தன. 1640 வாக்கில் நிக்கோலா சொவாழ் என்பவர் தொடங்கிய தொழில் அது. அவர் இருந்த வீட்டு வாசலில் புனித ஃபியாக்கரின் பலகை தொங்கியதால் அந்த வண்டிக்கு 'ஃபியாக்கர்' என்றே பெயர் வந்துவிட்டது. நம்ம ஊர் ஆட்டோவைப் போல முழு வண்டியையும் அமர்த்திக்கொள்ள வேண்டும். சின்ன உத்தியோகஸ்தருக்கும் கடைக்காரருக்கும் அது கட்டுப்படியாகாது.

பஸ்காலின் தகப்பனார் ருவான் நகரில் வரி வசூல் அதிகாரி. அவர் இரவெல்லாம் எண்களைக் கூட்டிக் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் மகன் 1642-ல் கூட்டல் இயந்திரம் செய்யத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 19. குமாஸ்தாவின் சிரமம் தெரிந்த மேதை என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். அவரேதான் பிறகு வண்டிப் பிரச்சினையையும் கையில் எடுத்தார். நண்பர் ருவானே பிரபுவோடும் வேறு இரண்டு பிரபுக்களோடும் கூட்டுச் சேர்ந்தார். பதினான்காம் லூயி மன்னர் 1662 ஜனவரியில் அனுமதி கொடுத்தார்.

அவர்கள் வைத்த விதிகள் நான்கு. வண்டி எப்போதும் ஒரே தடத்தில் போகும். ஏறுகிறவர் தன் ஒரு இடத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். கட்டணம் 5 சோல். வண்டிகள் குறித்த இடைவெளியில் வந்துகொண்டிருக்கும். நான்காவது, நேரம் வந்தால் வண்டி கிளம்பிவிடும். எத்தனை பேர் ஏறியிருந்தாலும் சரி, ஒருவர்கூட ஏறாவிட்டாலும் சரி.

இந்த நான்காவது விதிதான் உயிர். முதல் மூன்றும் யாருக்கும் தோன்றக்கூடியவை. காலியாகக் கிளம்பு என்று சொல்ல வியாபாரிக்கு மனம் வராது. ஆனால் வண்டி நிச்சயமாக வரும் என்று தெரிந்தால்தான் ஜனங்கள் அதை நம்பி வீட்டைவிட்டு இறங்குவார்கள். நம்பிக்கை வந்தபிறகு வண்டி தானாக நிறையும். நிறைந்தால்தான் கிளம்புவேன் என்று வண்டி சொன்னால், அவசரக்காரர் ஒவ்வொருவராக வேறு வழி தேடிக்கொண்டு போய்விடுவார். கடைசியில் வேறு வழி இல்லாதவர் மட்டுமே அதில் மிஞ்சுவார்.

1662 மார்ச் 18-ல் முதல் தடம் திறந்தது. பஸ்தீய் பக்கம் இருந்த சேன்-அந்துவான் வாசலிலிருந்து ஆற்றைத் தாண்டி லுக்சம்பூர் வரை. ஒரு வண்டிக்கு எட்டு இடம். வண்டிக்காரர்களுக்கு நீலச் சட்டை. வழி நெடுகத் திருவிழாக் கூட்டம். பஸ்காலின் அக்கா கில்பெர்த் மூன்று நாள் கழித்து ஒரு நண்பருக்கு இதை விவரமாகக் கடிதம் எழுதினார். தானும் ஏறலாம் என்று தெருவில் நின்றிருக்கிறார். ஐந்து வண்டிகள் வந்தன, ஐந்தும் நிறைந்து வழிந்தன, ஏற முடியவில்லை. தம்பி தொடங்கிய வண்டியில் அக்காவுக்கே இடமில்லை! ஆனாலும் அடுத்த வண்டி ஏழெட்டு நிமிடத்தில் வரும் என்ற தெம்பில்தான் எல்லோரும் நின்றார்கள் என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை. ஜூலைக்குள் ஐந்து தடங்கள் ஆகிவிட்டன. அதில் ஒன்று நகரைச் சுற்றிவரும் வட்டத் தடம்.

பஸ்காலுக்கு இதில் லாப நோக்கம் மட்டும் இல்லை. அந்த ஆண்டு புளுவா பகுதியில் கடும் பஞ்சம். வண்டியில் வரப்போகும் தன் பங்கிலிருந்து 1,000 ஃபிராங் முன்பணமாக வாங்கி அங்குள்ள ஏழைகளுக்கு அனுப்ப அவர் முயன்றார். தொழில் இன்னும் நிலைக்கவில்லை என்று மற்றவர்கள் தயங்கினார்கள். ஆகஸ்ட் 19-ல், 39 வயதில் அவர் இறந்துபோனார்.

அந்த ஏழைகளில் ஒருவர் பாரிஸுக்கு வந்திருந்தால் பஸ்காலின் வண்டியில் ஏறியிருக்க முடியாது என்பதுதான் சோகம். அனுமதியைப் பதிவு செய்யும்போது பாரிஸ் பார்லமான் ஒரு நிபந்தனையைச் செருகியிருந்தது. சிப்பாய்கள், வேலைக்காரர்கள், கூலித் தொழிலாளிகள் ஏறக்கூடாது. நகரத்துக் கனவான்களின் சௌகரியத்துக்குத்தான் இந்த வண்டி. பின்னால் கட்டணமும் 6 சோல் ஆயிற்று. பெரிய மனிதர்களுக்குப் புதுமை அலுத்து, தங்கள் சொந்த வண்டிக்கே திரும்பினார்கள். ஏறத் தயாராக இருந்தவர்களை ஏறவிடவில்லை. பதினைந்து ஆண்டுக்குள் அந்த வண்டிகள் மறைந்தே போயின. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு யாரும் அதைத் தொடவில்லை.

1826-ல் நாந்த் நகரில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி என்ற முன்னாள் ராணுவ அதிகாரி வெந்நீர்க் குளியல் நிலையம் ஒன்று நடத்திவந்தார். இடம் ஊருக்கு ஒதுக்கம். வாடிக்கையாளர்களை அழைத்துவர ஊர் நடுவிலிருந்து ஒரு வண்டி விட்டார. பார்த்தால், ஜனங்கள் வண்டியில் ஏறுகிறார்கள், பாதி வழியில் இறங்கித் தங்கள் வேலையைப் பார்க்கப் போகிறார்கள். குளிக்க வருகிறவர்களைவிட வண்டிக்கு வருகிறவர்களே அதிகம். அவர் வண்டித் தொழிலையே பிடித்துக்கொண்டார். வண்டியின் பெயர் 'ஓம்னிபுஸ்'. லத்தீனில் அதற்கு 'எல்லாருக்கும்' என்று பொருள். இந்தமுறை யாரையும் ஏறக்கூடாது என்று தடுக்கவில்லை. 1828-ல் அது பாரிஸுக்கும் வந்தது.

நாம் இன்று சொல்லும் 'பஸ்' என்பது அந்த லத்தீன் சொல்லின் வெறும் வால். தமிழில் சொன்னால் 'எல்லாருக்கும்' என்பதில் 'எல்லார்' போய் 'க்கும்' மட்டும் மிஞ்சியதைப் போல. வேற்றுமை உருபிலே ஏறி ஊர் போகிறோம்!

1855-ல் பாரிஸின் ஓம்னிபுஸ் கம்பெனிகள் எல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்டன. உள்ளே உட்கார 30 சாந்திம், மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் உட்கார 15 சாந்திம். தொழிலாளி மேலே, முதலாளி கீழே. ஆனாலும் ஒரே வண்டி. 1900 ஜூலை 19-ல் மெத்ரோ வந்தது. தரைக்கடியில் ஓடியதால் தெரு நெரிசல் அதை ஒன்றும் செய்யவில்லை.

பிறகு வந்தது காரின் காலம். 1937-ல் பாரிஸ் நகருக்குள் கடைசி டிராமை நிறுத்தினார்கள். கார் போக இடைஞ்சல் என்பது ஒரு காரணம். பொம்பிதூ பிரதமராக இருந்தபோது, 1967-ல், செய்ன் நதியின் வலதுகரையை ஒட்டிக் காருக்கென்றே விரைவுச்சாலை திறந்தார்கள். இதில் ஒரு சுழல் இருக்கிறது. கார் பெருகினால் பஸ் நெரிசலில் மாட்டும். மாட்டினால் தாமதமாகும். தாமதமானால் இன்னும் பத்துப் பேர் கார் வாங்குவார்கள். கூட்டம் குறைந்தது என்று பஸ்ஸையும் குறைப்பார்கள். அப்புறம் மேலும் தாமதம்.

பாரிஸ்காரர்கள் அந்தச் சுழலிலிருந்து ஒரே நாளில் வெளியே வரவில்லை. 1964-ல் பஸ்ஸுக்கென்று தனிப் பாதை கோடு போட்டார்கள். 1971-ல் ஒரு சட்டம் வந்தது. பாரிஸ் வட்டாரத்தில் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள், கொடுக்கும் சம்பளத்தில் ஒரு சிறு விகிதத்தைப் போக்குவரத்துக்காகக் கட்ட வேண்டும். காலியாகக் கிளம்பும் வண்டியின் செலவை யார் கொடுப்பது என்ற பழைய கேள்விக்கு நேர்மையான பதில் அது. தொழிலாளி நேரத்துக்கு வந்தால் முதலாளிக்கும் லாபம்தானே? 1975-ல் 'கார்த் ஒராஞ்ழ்' என்ற மாத அட்டை. ஒரே அட்டையில் மெத்ரோ, பஸ், ரயில் எல்லாம். 2006-ல் டிராம் மறுபடி பாரிஸ் நகருக்குள் வந்தது. 2016-ல் அந்த வலதுகரைச் சாலையிலிருந்து காரை விலக்கி நடப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று பாரிஸ் நகர எல்லைக்குள் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குக் கார் கிடையாது. வாங்க வசதி இல்லாதவர்கள் என்று எல்லாரையும் சொல்ல முடியாது. வாங்க அவசியம் இல்லாதவர்கள் பலர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நகர எல்லையைத் தாண்டிச் சிற்றூர்ப்பக்கம் போனால் கார் இல்லாமல் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாத இடங்கள் உண்டு. 2018 நவம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு சாலைக்கு வந்தவர்களில் பலர் அந்த ஜனங்கள்தான். வேறு வண்டி தராமல் காரை விடு என்று சொன்னால் கோபம் வராதா?

இனி நம்ம ஊருக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே புஷ் வண்டி இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். உட்கார்ந்திருப்பவர் முன்னால் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவார். பின்னால் ஓர் ஆள் தள்ளுவார். ஏறுகிறவர் கையில் திசை, தள்ளுகிறவர் கையில் பாரம். பிறகு சைக்கிள், அதன்பின் ஸ்கூட்டர், இப்போது கார். இவை எல்லாமே தனி வண்டிகள். பொது வண்டி என்று நமக்கு அதிகம் வாய்த்தது டெம்போ. பல பேருக்கு அது சோறு போட்டது. லட்சக்கணக்கான பேரைக் கொண்டு சேர்த்தது. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அதன் விதி பஸ்காலின் விதிக்கு நேர் எதிர். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். டிரைவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காலியாகப் போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. காலியாகப் போகும் நஷ்டத்தை ஒரு தனி ஆள் தாங்க முடியாது, ஊர்தான் தாங்க வேண்டும்.

இது ஏதோ சௌகரியப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். நம் வயதுக்காரர்களுக்கு இது வீட்டுக்குள் முடங்குவதா, வெளியே நடமாடுவதா என்ற கேள்வி. வாசலில் மகன் வாங்கிக் கொடுத்த கார் நிற்கும். மகன் பிரான்ஸிலோ பெங்களூரிலோ இருப்பான். கண்ணில் புரை, இரவில் எதிர்வண்டி வெளிச்சம் கூசும். ஓட்டவும் முடியாது, டெம்போவில் ஏறிக் குனிந்து உட்காரவும் முடியாது. ஜிப்மர் போகவும் பென்சியோன் வாங்கவும் யாராவது வரமாட்டார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்கள் எனக்குப் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். கார் வைத்திருப்பவர், கார் இல்லாதவர் என்ற வித்தியாசம் எழுபதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் வேண்டியது நேரத்துக்கு வரும் வண்டி ஒன்றுதான்.

பாரிஸைப் போல மெத்ரோ தோண்டச் சொல்லவில்லை. நம்முடையது சின்ன ஊர். தாழ்வான படியுள்ள சில சின்ன பஸ்கள், பஸ் ஸ்டாண்டிலிருந்து கோரிமேடு, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் பக்கம், கால் மணிக்கு ஒன்று. கட்டணம் இலவசமாகக்கூட இருக்க வேண்டாம். காசு கொடுத்தே ஏறுவோம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்கப்போகிறேன். ஆள் ஏறாவிட்டாலும் மணி அடித்தால் கிளம்பும் வண்டி உங்கள் திட்டத்தில் இருக்கிறதா? நீங்களும் கேளுங்கள்.