புடிங்கில் கலந்த பேரரசு

கிறிஸ்மஸ் புடிங்கை ஆங்கிலேயரின் தொன்றுதொட்ட இல்லற வழக்கென்று கருதுவோர் பலர். தாயின் கைப்பக்குவம், பாட்டி விட்டுச்சென்ற செய்முறை என்றெல்லாம் அதுபற்றிப் பேசப்படுகிறது. ஆயின் அதில் சேரும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோமாயின், அந்த வீட்டைச் சூழ்ந்த மண்ணில் விளைந்தவை மிகச் சிலவே என்பதைக் காண்போம்.

இறைச்சியும் உலர்ந்த பழங்களும் வாசனைத் திரவியங்களும் இட்டுக் காய்ச்சிய கூழே இதன் மூதாதை. ‘பிளம் புடிங்’ எனப்பட்டபோதும் இதில் பிளம் பழம் இல்லை. உலர்ந்த முந்திரிகையையே பழைய ஆங்கில வழக்கு அவ்வாறு சுட்டிற்று. சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843 இல் வெளியிட்ட கிறிஸ்மஸ் கதையில், ஏழை எழுதுவினைஞர் ஒருவரின் மனைவி துணி அவிக்கும் கொப்பரையில் புடிங்கை வேகவைத்து, பதம் தப்பிற்றோ என்று அஞ்சியவாறே அதை எடுத்துவருகிறாள். வீட்டுப் புடிங் என்றதும் மனக்கண்ணில் தோன்றும் சித்திரத்தை நிலைநிறுத்தியதில் அக்காட்சிக்குப் பெரும் பங்குண்டு. 1845 இல் எலிசா அக்டன் தம் சமையல் நூலில் ‘கிறிஸ்மஸ் புடிங்’ என்ற பெயரிலேயே செய்முறையை அச்சிட்டார். குடும்பத்தவர் ஒவ்வொருவராகக் கலவையைக் கிளறுவதும், அதனுள் வெள்ளி நாணயம் இடுவதும் வழக்கமாயின. உழைப்பாளிக் குடும்பங்கள் பல, கடைக்காரரிடம் வாரந்தோறும் சில பென்ஸ் செலுத்தியே இதற்கு வேண்டியவற்றைச் சேர்த்தன. ஏழையின் இந்த ஒருநாள் விருந்தை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று.

அந்த விருந்தைப் பேரரசு தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டதே நாம் கூறவந்த செய்தி. குடியேற்ற நாட்டுப் பொருள்களை விற்பதற்கென 1926 இல் நிறுவப்பட்ட பேரரசுச் சந்தைப்படுத்தற் சபை, மன்னரின் தலைமைச் சமையற்காரர் வகுத்த புடிங் செய்முறையை 1927 இல் நாடெங்கும் பரப்பிற்று. அவுஸ்திரேலிய முந்திரிகை வற்றல் 5 இறாத்தல்; நியூசிலாந்து மாட்டுக் கொழுப்பு 5 இறாத்தல்; ஜமேக்கா றம்; சன்சிபார் கராம்பு; இலங்கைக் கறுவா 2 அவுன்ஸ். ஒவ்வொரு பொருளுக்கும் நாடும் நிறையும் குறிக்கப்பட்டிருந்தன. அதை விளைவித்தவர் யார் என்ற குறிப்பு மட்டும் இல்லை.

நமது 2 அவுன்ஸையே எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் ஆட்சியில் சலாகம சாதியினர் ஆண்டுதோறும் காட்டிலே அலைந்து, விதித்த அளவு பட்டையை உரித்துக் கொடுத்தே தீரவேண்டியிருந்தது. அனுமதியின்றிக் கறுவாவை விற்றவனுக்கு மரண தண்டனையும் உண்டு. ஆங்கிலேயரும் அந்த ஏகபோகத்தை 1833 வரை கைவிடவில்லை. கொழும்பிலே மாளிகைகள் நிறைந்த கறுவாத்தோட்டம் என்னும் பெயரில் அக்கதையின் எச்சம் இன்றும் இருக்கிறது. சன்சிபாரின் கராம்பும் ஜமேக்காவின் கரும்பும் அடிமைகளின் கைகளால் வளர்ந்தவை. கரும்புத் தோட்டங்களில் அடிமைமுறை ஒழிந்தபின், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். 1927 இல் இம்முறைகள் சட்டப்படி ஒழிந்திருந்தன. அவற்றின்மேல் எழுந்த தோட்டங்களும் வாணிபமும் ஒழியவில்லை.

அச்சபை 1933 இல் கலைக்கப்பட்டது. உலகப்போர் மூண்டு, 1940 சனவரியில் பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு தொடங்கியது. கடல்வழி வரும் பழமும் சீனியும் அருகிப்போகவே, இல்லத்தரசியர் தம் தோட்டத்துக் கரட்டைத் துருவிப் புடிங்கில் சேர்த்தனர்.