வேதநாயக சாஸ்திரியார் வமிச வரலாறு

வேளாங்கண்ணி முதலாய நம் கடற்கரையூர்களில் ஒருவரை நோக்கி, "நும் பாட்டனார்க்குப் பாட்டனார் யாவர்?" என வினவின், விடை பகர்வார் மிகச் சிலரே. கிறிஸ்து மதம் புகுந்த குடும்பங்களிலோ இவ்வருமை இருமடங்காகும். ஞானஸ்நானத்தோடு பழம்பெயர் மறைதலின், வமிசக்கொடி அவ்விடத்தே அறுந்ததுபோலத் தோன்றும். அதனைத் தேடிக் காணும் வகையைத் தஞ்சைச் சுவிசேட கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் வரலாறு கொண்டு விளக்கப் புகுகின்றோம்.

சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு திருநெல்வேலியில் வேளாளக் குடியிற் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் பிள்ளை. இப்பெயரொன்றையே கொண்டு தேடுவார் முன்னோரை அடையார். அவர்தம் முதற்பெயர் அருணாசலம் பிள்ளை. சைவராயிருந்து மதம் மாறியவர் அவர். இருபெயரும் ஒருவர்க்கே உரியன என்று அறிந்தாலன்றி, சைவ முன்னோரையும் கிறிஸ்தவப் பின்னோரையும் இணைத்தல் இயலாது. பெயர் மாறியும் 'பிள்ளை' என்னும் பட்டம் மாறாது நின்றமை ஈண்டு நோக்கத்தக்கது.

1785ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்சு ஐயர், சிறுவராகிய வேதநாயகத்தின் அறிவு கண்டு மகிழ்ந்து, தந்தையார் இசைவுடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சரபோஜி மன்னர் அவர்க்கு உடன்பயின்ற நண்பராயினர். தரங்கம்பாடியிலும் கல்வி பயின்று, பின் தஞ்சையில் ஆசிரியராய் அமர்ந்தார். குருப்பட்டம் பெறாமலே பாட்டானும் போதனையானும் ஊழியம் புரிந்தார். பெத்லகேம் குறவஞ்சி அவர் இயற்றிய நூல்களுட் சிறந்ததாகும். 1864ஆம் ஆண்டில் காலமானார். அவர் வழித்தோன்றல்கள் அவர்தம் பாடல்களைத் தலைமுறைதோறும் பாடிப் போற்றி வந்தனர். இவ்வாறு பொருநைக் கரையில் வேர்கொண்ட குடி, காவிரி நாட்டிற் கிளைத்தது. தஞ்சையில் மட்டும் தேடுவார் வேரைக் காணார்.

இத்துணையும் கேட்டு நம்மவர் பெருமிதம் அடைவர். ஆயினும் வரலாறு இத்துடன் முடியவில்லை. 1820களின் இறுதியில், சபையில் எல்லாச் சாதியாரும் வேற்றுமையின்றிக் கலத்தல் வேண்டும் எனப் புதிய மிஷனரிமார் வற்புறுத்தியபோது, சாஸ்திரியார் அதனை எதிர்த்து, சாதியாசாரம் காத்தற்பொருட்டு எழுதினார். 1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பிஷப் வில்சன், சபைகளிற் சாதி வேற்றுமை அறவே ஒழிதல் வேண்டுமென ஆணையிட்டார். அக்காலத்தே தஞ்சை வேளாளர் பலர் சபையை விட்டு விலகினர். ஒரே நற்கருணைப் பந்தியிற் பிறரோடு அமர மறுத்த செயலை இன்று நாம் புகழ்தல் ஒல்லாது.

அதுபற்றி அப்பகுதியை மறைத்துவிடலாமோ? கூடாது என்பதே எம் துணிபு. குடியின் தொடர்ச்சியை நமக்குக் காட்டும் அப்பட்டமே, அக்காலத்தில் மனிதரை மனிதரினின்று பிரிக்கும் மதிலாகவும் நின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே எழுதுதலே வரலாறு; நல்லன மட்டும் தொகுத்தல் மெய்க்கீர்த்தியேயாம்.

ஆதலின் அன்பர்களே, நும் இல்லத்து முதியோர் உள்ளபோதே முன்னோர் பெயர், ஊர், பிறப்பு, இறப்பு, மதம் மாறியோர்க்கு முன்னிருந்த பெயர் என்பவற்றைக் கேட்டுக் குறித்து வைம்மின். கோயிற் பதிவேட்டோடு ஒப்புநோக்குமின். நாணத்தக்கது ஒன்று காணப்படினும் அதனை அழித்தல் செய்யாது எழுதுமின். நம் மக்கள் அதனினின்றும் கற்பர்.