பெயர் ஒன்று, தட்டு இரண்டு

ஜார்ஜ் டவுன் என்றதும் நமக்குக் கடைத்தெருவும் குவீன் தெரு மகா மாரியம்மன் கோயிலும் கண்முன் வந்து நிற்கும். 1786-ல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் வந்திறங்கியபின், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை இந்தப் பட்டணத்துக்கு வைத்தார்கள். அதே மன்னரின் பெயரை 1812-ல் தென் அமெரிக்காவில் வேறொரு பட்டணத்துக்கும் சூட்டினார்கள். இன்றைய கயானா நாட்டின் தலைநகரம் அது. சென்னையிலிருந்து கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்கள் அங்கேயும் போயிருக்கிறார்கள். ஆகையால், உறையின்மேல் ஆள் பெயரையும் 'ஜார்ஜ் டவுன்' என்பதையும் மட்டும் எழுதிப் போட்டால், தபால்காரர் எந்தக் கப்பலில் ஏற்றுவார்?

கம்ப்யூட்டருக்கும் இந்தச் சங்கடம் உண்டு என்றால் நம்புவீர்களா? அது கண் விழிக்க மறுத்து அடம்பிடித்த கதைகள் பலவற்றுக்கு இப்படிப்பட்ட பெயர்க் குழப்பமே காரணம்.

ஹார்ட் டிஸ்க் என்னும் தட்டை ஒரு லயமாக நினைத்துக்கொள்ளுங்கள். லயத்தை வீடு வீடாகத் தடுப்பதுபோல, தட்டையும் பகுதி பகுதியாகத் தடுப்பார்கள். 1983-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்.டி. கம்ப்யூட்டரில் தட்டின் கொள்ளளவே 10 மெகாபைட்தான். (இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் நாலைந்து படத்துக்குக் காணாது!) தட்டின் முதல் 512 பைட்டில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். நான்கு பகுதிகளுக்குத்தான் அதில் இடம். ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று அதில் உண்டு, பெயர் கிடையாது. பெயரைப் பகுதிக்குள்ளே எழுதி வைக்க வேண்டும்.

ஒரு தட்டு மட்டும் இருந்தவரை தொல்லையில்லை. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸில், முதல் தட்டு, இரண்டாம் தட்டு என்று வரிசைப்படி அழைத்தார்கள். இடையில் புதிதாக ஒன்றைச் சொருகினால் வரிசையே மாறிவிடும். உட்கார்ந்த இடத்தை வைத்துப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற புது வாத்தியார் படும் பாடுதான்!

சரி, பெயர்ச்சீட்டு ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த ரெட் ஹாட் லினக்ஸ், நிறுவும்போதே ஒவ்வொரு பகுதிக்கும் தானாகவே பெயர் எழுதியது. முதன்மைப் பகுதிக்கு அது இட்ட பெயர் வெறும் ஒரு சாய்கோடு. எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே சாய்கோடு! ஒரு மிஷின் பழுதாகி, அதன் தட்டைக் கழற்றி இன்னொரு மிஷினில் மாட்டினார்களோ, தீர்ந்தது கதை. 'சாய்கோடு எங்கே?' என்று கேட்டால், 'உள்ளேன் ஐயா' என்று இரண்டு குரல் வரும். கம்ப்யூட்டர் திகைத்து நிற்கும், அல்லது தவறான பகுதியைத் திறந்து பாதி வழியில் விழும். பிறகு, அந்தப் பெயர் ஏற்கனவே இருந்தால் 'சாய்கோடு 1' என்று எழுதப் பழக்கினார்கள். நம் தோட்டத்துக் கிழவிகள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். முனியம்மா மூன்று பேர் இருந்தால் மேட்டு லயத்து முனியம்மா, ஆற்றோர முனியம்மா என்று பிரித்துவிட மாட்டார்களா?

அடுத்து வந்தது எண். யூ.யூ.ஐ.டி. என்பார்கள், எழுதினால் 32 குறிகள் நீளும். 1948-ல் அவசரகாலம் வந்தபோது மலாயாவில் அடையாளக் கார்டு கொடுத்தார்களே, அது மாதிரி. பெயர் ஒன்றாக இருக்கலாம், நம்பர் வேறு. 2006 அக்டோபரில் வந்த உபுண்டு, தட்டுப் பகுதிகளை இந்த எண்ணைக்கொண்டே தேடியது. 1972-ல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்த இன்டெல் நிறுவனம், 1990-களின் கடைசியில் புதுப் பட்டியல் முறை ஒன்றையும் வகுத்தது. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி எண் உண்டு. 36 இடம் கொண்ட பெயரும் உண்டு. தமிழிலும் எழுதலாம். ஆனால் காலும் புள்ளியும் தனித்தனி இடம் பிடிப்பதால், 'மாணவர்' என்பதற்கே ஆறு இடம் போய்விடும்.

எண் வந்ததும் குழப்பம் ஒழிந்ததா? இல்லை. தட்டை அச்சு அசலாக நகலெடுத்தால் எண்ணும் சேர்ந்தே நகலாகிவிடும். விண்டோஸ் இப்படி இரட்டைக் குறியைக் கண்டால் ஒரு தட்டை ஒதுக்கி வைத்துவிடும். எல்லாமே அவ்வளவு கறாராக இருப்பதில்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு வருடம், நான் வேலை பார்த்த தோட்டப்பள்ளியில் பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. பத்திரமாக இருக்கட்டுமே என்று மதிப்பெண்கள் இருந்த தட்டை நகலெடுத்து, இரண்டையும் ஒரே பெட்டிக்குள் விட்டுவைத்தேன். மிஷின் நின்றுபோயிருந்தாலாவது விழித்திருப்பேன். அது ஒழுங்காகத்தான் திறந்தது; ஒருநாள் அசல், ஒருநாள் நகல். நடுவில் ஒரு பிள்ளையின் கணக்குத்தாளைத் திரும்பக் கூட்டிப்பார்த்து, மதிப்பெண்ணை உயர்த்திப் பதிந்தேன். அது அசலில் ஏறியது. விழாவுக்கு முதல்நாள் பட்டியல் அச்சானது நகலிலிருந்து.

பின்னால் ஒரு தட்டுக்குப் புது எண் கொடுத்தேன். ஒரு வரிக் கட்டளைதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

விழாவன்று அந்தப் பிள்ளையின் அம்மா சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். மூன்றாவது வரிசையில், நல்ல சேலை கட்டிக்கொண்டு, கடைசிப் பெயர் வாசிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். மகளின் பெயர் வரவில்லை. தவறு தெரிந்ததும், திங்கட்கிழமை சபைகூடலில் தலைமையாசிரியர் கையால் பரிசைக் கொடுத்தோம். பிள்ளைகள் பலமாகத்தான் கைதட்டினார்கள். அம்மா அந்நேரம் வேலைக்காட்டில் இருந்தார்.